பழைய கேம்பர் ட்ரெய்லர் வாங்கப் போறீங்களா? மெத்தையைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. கூடவே மூன்று நெருப்பு எமோஜி. அனுப்பியது பள்ளி நண்பன். பெங்களூரு ஐ.டி. வேலை, மாதத்தில் பாதி நாள் பட்டுக்கோட்டை வீட்டிலிருந்தே லாகின். லிங்க்கைத் திறந்தால் ஒரு விற்பனை விளம்பரம்: 'ஆஃப்ரோடு கேம்பர் ட்ரெய்லர், யூஸ்டு, சூப்பர் கண்டிஷன், இரண்டரை லட்சம்.' காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் சின்ன பெட்டி வீடு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின் கதவைத் தூக்கினால் அடுப்பு. டயர் மட்டும் ஜீப் டயர் மாதிரி முரட்டுத்தனமாக இருந்தது.

"மச்சான், மனோரால ஒரு நைட், கோடியக்கரைல ஒரு நைட். லேப்டாப்பை வச்சு அங்கயே வேலை பாத்துக்கலாம். வாங்கலாமா, சொல்லுடா" என்றான். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்த்தால் எல்லாம் தெரியும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த இரண்டு வாரம் படித்தேன், விசாரித்தேன், அவனோடு போய் அந்த ட்ரெய்லரையும் பார்த்தேன். அதன் முடிவில் எனக்கு ஏற்பட்ட கருத்துதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு மொழிச் சிக்கல். பட்டுக்கோட்டையில் 'கேம்பர்' என்றால் எல்லோரும் நினைப்பது பொலிரோ கேம்பரை. 'கேரவன்' என்றால் ஷூட்டிங்கில் ஹீரோ உட்கார்ந்திருக்கும் வண்டி. 'ட்ரெய்லர்' என்றால் ஒன்று சினிமா ட்ரெய்லர், இல்லாவிட்டால் டிராக்டர் பின்னால் நெல் மூட்டை ஏற்றிப் போகும் பெட்டி. இந்த மூன்றாவது அர்த்தத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் உங்கள் கனவு வண்டியைப் பார்ப்பது அந்தக் கண்ணால்தான்.

"பின்னாடி மாட்டுற வண்டிக்கு ஆர்.சி. எதுக்கு சார்?"

விற்கிறவரிடம் போனில் நான் கேட்ட முதல் கேள்வி ஆர்.சி. பற்றியது. அவர் சிரித்தார். "எஞ்சின் இல்லாத வண்டி சார் இது. பின்னாடி மாட்டுறதுக்கெல்லாம் ஆர்.சி. எதுக்கு? உங்க கார் ஆர்.சி. இருந்தா போதும்" என்றார்.

போதாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2-வது பிரிவைத் திறந்தால், 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே ட்ரெய்லரும் வந்துவிடுகிறது. எஞ்சின் இருக்கிறதா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. ஆகவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனி எண் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். 61-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ட்ரெய்லரின் சொந்த எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் ட்ரெய்லர் மேல் தெரிய வேண்டும்.

'டிராக்டர்காரங்க யாரு இதெல்லாம் செய்றாங்க?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்ம ஊர் சாலையில் எண்ணே இல்லாத டிராக்டர் பெட்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் விபத்து என்று ஒன்று நடந்து வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால், இன்ஷூரன்ஸ் தரப்பு அடிக்கடி கையில் எடுக்கும் வாதம் 'டிராக்டருக்குத்தான் பாலிசி, பெட்டிக்கு இல்லை' என்பது. அதே வாதம் உங்கள் கேம்பருக்கும் காத்திருக்கிறது. ஈ.சி.ஆரில் கொக்கி கழன்று ட்ரெய்லர் எதிரே வரும் பைக்கில் மோதினால், இழப்பீடு உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அரசாங்கத்தின் வாகனப் பதிவுக் கணினி அமைப்பான 'வாஹன்'-ல் 'கேம்பர் வேன் / ட்ரெய்லர் - தனிப்பட்ட பயன்பாடு' என்று ஒரு தனி வகையே இருக்கிறது. அதாவது கதவு இருக்கிறது. சாவிதான் நம்மைப் போன்றவர்கள் கையில் இல்லை. புது வண்டியைப் பதிவு செய்ய விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் படிவம் 22 எல்லாம் வேண்டும். முறையான நிறுவனம் செய்த ட்ரெய்லருக்கு இவை கிடைக்கும். பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த ட்ரெய்லருக்கு யார் கொடுப்பார்? நம்ம லேத் பட்டறை அண்ணன் எவ்வளவு கெட்டியாகச் செய்து கொடுத்தாலும் அந்தக் காகிதத்தை அவரால் கொடுக்க முடியாது.

நண்பன் பார்த்தது அப்படிப்பட்ட வண்டிதான். வேறு மாநிலத்தில் யாரோ ஆசையாகச் செய்து, ஆறேழு பயணம் போய், அலுத்து விற்றது. கை மாறி இங்கே வந்திருக்கிறது.

அப்போ பழைய வேன் வாங்கி உள்ளே மாத்திக்கலாமா?

நண்பனின் பிளான் பி இது. பழைய ஆம்னியோ டிராவலரோ வாங்கி சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போடுவது. யூடியூப் முழுக்க இந்த வீடியோக்கள்தான். இங்கே குறுக்கே நிற்பது 52-வது பிரிவு. தயாரிப்பாளர் சொன்ன விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் அதை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் தண்டனையும் வந்தது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். கட்டில் ஒன்று, சிங்க் ஒன்று, கூரை ஜன்னல் ஒன்று என்று எண்ணினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

சட்டப்படி செய்த கேம்பர் வேன்கள் இல்லாமல் இல்லை. வீடு மாதிரியான வண்டிகளுக்கென்றே ஏஐஎஸ்-124 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனத்தோடு சேர்ந்து பொலிரோ கேம்பர் கோல்டு வண்டி மேல் குறைந்த விலை கேம்பர் கொண்டுவருவதாக 2022 செப்டம்பரில் மஹிந்திரா அறிவித்தது. நம்ம ஊர் 'கேம்பர்' நிஜமாகவே கேம்பர் ஆகும் செய்தி என்று அப்போது ரசித்துப் படித்தேன். 2021-ல் கேரளம் 'கேரவன் கேரளா' கொள்கையைக் கொண்டுவந்தது, வாகமண்ணில் கேரவன் பார்க்கும் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை நிறுவனங்களுக்கும் டூர் ஆபரேட்டர்களுக்குமான பாதை. இரண்டரை லட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சம்பளக்காரன் அதில் எங்கே இருக்கிறான்?

என் வாதம் இங்கேதான். தடை போட்டால் ஆசை போய்விடுவதில்லை. ஆசைப்பட்டவர்கள் பட்டறைக்குப் போகிறார்கள், பட்டறையில் செய்தது விளம்பரத்துக்கு வருகிறது, காகிதமே இல்லாமல் கை மாறிக்கொண்டே இருக்கிறது. பிரிட்டனில் கார் பின்னால் இழுக்கும் சின்ன ட்ரெய்லர்களுக்குப் பதிவே கிடையாது, இழுக்கும் காரின் எண்ணைப் பின்னால் மாட்டினால் போதும். 750 கிலோவுக்குக் கீழே என்றால் பிரேக்கும் கட்டாயமில்லை. நமக்கு அந்த அளவு தளர்வு வேண்டாம், நம் சாலை அப்படிப்பட்டதல்ல. ஆனால் இவ்வளவு எடைக்கு உட்பட்ட தனியார் ட்ரெய்லர் என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஆக்சில், கொக்கி, பிரேக், விளக்கு ஆகியவற்றைச் சோதித்து எண் கொடுக்கும் ஒரு எளிய வழி ஏன் இருக்கக் கூடாது? ஆய்வாளர் பார்த்த ட்ரெய்லர் சாலையில் போவது நல்லதா, யாருமே பார்க்காத ட்ரெய்லர் போவது நல்லதா?

அந்த வழி வரும்வரை என் பதில், ஆர்.சி. இல்லாத ட்ரெய்லர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள் என்பதுதான். ஆர்.சி. இருக்கிறதா? அப்போதும் கொஞ்சம் வேலை இருக்கிறது. சேஸ் எண்ணை வண்டியில் தேய்த்துப் பார்த்து ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும் வாங்குங்கள். வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, இங்கே வந்து வரி, மறுபதிவு. பெயர் மாற்றத்துக்கு 29, 30. ஒரு விஷயம், சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வார இறுதியில் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று நினைத்தால், அது வேறு பதிவு, வேறு வரி.

நேரில் போய்ப் பார்த்தபோது

காகிதம் இல்லை என்று தெரிந்தும் நண்பன் கேட்கவில்லை. "சும்மா பாத்துட்டு வரலாம்டா." போனோம். கூட வந்தது எங்கள் தெருவில் டிராக்டர் ஓட்டும் அண்ணன். அவரைக் கூட்டிப்போனதுதான் நாங்கள் செய்த புத்திசாலித்தனம்.

நாங்கள் இருவரும் உள்ளே ஏறி மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். சேஸில் புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். "பழைய வண்டிக்கு அடியில மட்டும் புதுப் பெயின்ட்னா சந்தேகப்படணும் தம்பி" என்றார். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. துரு, மேலே பட்டி பூசி மறைத்தது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு இது முதல் நோய். நீங்கள் வாங்கிய பிறகு நிறுத்தப்போவதும் அதே காற்றில்தான்.

அப்புறம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் போயிருக்கிறது. கையால் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார், கரகரவென்று வந்தது. ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இல்லை. டயர் பார்க்கப் புதுசு, பட்டன் நன்றாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் ஓவலுக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் படிக்கச் சொன்னேன் (இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது). முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2316 என்று இருந்தது. 2016-ம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர். ட்ரெய்லர் அதிகம் ஓடாது, அதனால் டயர் தேயாது. ஆனால் ரப்பர் வயதாகிக் காய்ந்துகொண்டே இருக்கும்.

கொக்கிதான் மிச்சம். அதன் பூட்டு தளர்ந்திருந்தது. பாதுகாப்புச் சங்கிலி இல்லவே இல்லை. நண்பனின் காரில் கொக்கி மாட்டும் இடமும் கிடையாது. உங்கள் காரின் கையேட்டில் ட்ரெய்லர் இழுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். இழுக்கக் கூடாது என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

எடை பற்றி யாரும் பேசுவதில்லை. 80 லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் 80 கிலோ. பேட்டரி, சிலிண்டர், ஃப்ரிட்ஜ், அரிசி மூட்டை எல்லாம் சேர்த்தால் சர்வ சாதாரணமாக 200 கிலோ கூடிவிடும். அதை எங்கே வைக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். ட்ரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 சதவீதமாவது கொக்கியின் மேல் உட்கார வேண்டும். கனமான சாமானை எல்லாம் ஆக்சிலுக்குப் பின்னால் அடுக்கினால், வேகம் எடுத்ததும் வண்டி பாம்பு மாதிரி நெளியும், காரையும் சேர்த்து இழுக்கும். நெல் மூட்டை அடுக்குபவர்களுக்கு இது கை வந்த பாடம். நமக்குத்தான் புதுசு.

டெல்டாவில் ஆஃப்ரோடு என்றால் என்ன?

இன்ஸ்டாகிராமில் ஆஃப்ரோடு என்றால் ஆஸ்திரேலியச் செம்மண். பட்டுக்கோட்டையில் ஆஃப்ரோடு என்றால் வாய்க்கால் கரை. கல்லணைக் கால்வாய்க் கரையில் ஒரு கார் போகலாம். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். ட்ரெய்லரோடு பின்னால் எடுக்கத் தெரியுமா? பெட்டி இடது பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் பெட்டியும் காரும் கத்தரி மாதிரி மடங்கிவிடும். அண்ணன் தன் டிராக்டரில் நண்பனுக்கு அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். நாலு தடவை மடக்கினான். ஐந்தாவது தடவை, "எடுக்காதீங்க தம்பி, கரை சரிஞ்சிரும்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

மழை பெய்த களிமண்ணில் நாலு சக்கர டிரைவ் இருந்தாலும் பின்னால் ஒரு ட்ரெய்லர் இருந்தால் அது நங்கூரம்தான். அறுவடை நேரத்தில் வேறு கதை. கிராமச் சாலையில் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் லாரிகள் நிற்கும். அந்தப் பாதியில் ஒரு கேம்பர் ட்ரெய்லரை நுழைத்து, காய்கிற நெல் மேல் ஏற்றினால் யார் என்ன சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

எங்கே தங்குவது? கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம். உள்ளே நம் இஷ்டத்துக்கு வண்டியை நிறுத்தி இரவு தங்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அப்படித்தான். சரபோஜி மன்னர் 1814-15-ல் கட்டிய மனோரா பக்கம் பகலில் போய்ப் பார்க்கலாம், இரவு அடுப்பு மூட்டிச் சமைக்கும் இடமில்லை அது. உண்மையில் டெல்டாவில் சிறந்த கேம்ப் சைட், தெரிந்தவர்களின் தென்னந்தோப்பு. கேட்டால் தருவார்கள், இளநீரும் வெட்டித் தருவார்கள். ஆனால் மரத்துக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள். தேங்காய்க்கு ஆர்.சி. எல்லாம் தெரியாது.

உள்ளே என்ன வைப்பது, என்ன வைக்கவே கூடாது

கட்டில், அலமாரி எல்லாம் தச்சரிடம் சொன்னால் ஒரு வாரத்தில் ஆகிவிடும். கரண்ட் கணக்குதான் கொஞ்சம் உட்கார்ந்து போட வேண்டியது. 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 1.28 யூனிட். நம்ம வீட்டு ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான். 25 வாட் ஃபேன் இரவு 8 மணி நேரம் ஓடினால் 0.2 யூனிட். சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் நம்ம ஊர் வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் அரை யூனிட். லேப்டாப் 6 மணி நேரத்துக்கு 0.36. விளக்கு, போன் சார்ஜ் சேர்த்தால் ஒரு நாளில் பேட்டரி காலி. மேலே 200 வாட் சோலார் பலகை வைத்தால் நல்ல வெயில் நாளில் முக்கால் யூனிட் போல திரும்பக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் இல்லை.

ஏ.சி.? 1,000 வாட் இழுக்கும் ஒரு ஏ.சி. இந்த பேட்டரியை ஒரு மணி நேரம் சொச்சத்தில் குடித்துவிடும். உடனே எல்லோரும் சொல்வது: "ஜெனரேட்டர் வச்சுக்கலாம்."

தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டும் வேகமாக ஸ்க்ரோல் செய்யாதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காரணம் ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடு. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு எழுந்து கதவைத் திறக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் ஏ.சி. போட்டுத் தூங்கும் ஆசைக்கு இது விலையாக வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்குங்கள். அதை வாங்கிய பிறகும் ஜெனரேட்டரை வண்டியோடு ஒட்டி ஓட்டாதீர்கள், தூங்கும்போது ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கேஸும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். நின்றுகொண்டிருந்த பெட்டி அது, ஓடவில்லை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருப்பது போதாது, தரை மட்டத்தில் ஓட்டை வேண்டும். என் கட்சி இன்னும் எளிது: சமையல் வெளியே, சிலிண்டரும் வெளியே.

இவ்வளவும் படித்துவிட்டு 'அப்ப இந்த ஆசையே தப்பா?' என்று கேட்டால், இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போன் சார்ஜ் போடக் காசு கொடுத்து ஜெனரேட்டர் முன்னால் வரிசையில் நின்றோம். ஒரு சோலார் பலகையும் ஒரு பேட்டரியும் தண்ணீர் டேங்க்கும் இருக்கிற வண்டி ஒன்று தெருவுக்கு ஒன்று அப்போது இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் இதைச் சட்டப்படி வைத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று கேட்கிறேன்.

நண்பன் அந்த ட்ரெய்லரை வாங்கவில்லை. இப்போது பட்டுக்கோட்டை மெக்கானிக் ஒருவர் மூலம் ஒரு பழைய ஆம்னி பார்த்துவைத்திருக்கிறான். ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டதால் எல்லாமே பழசுதான். 15 வருடப் பதிவு எப்போது முடிகிறது, புதுப்பித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் என்று முடிவு. சீட்டைக் கழற்றப் போவதில்லை. பின்னால் வைத்து எடுக்கிற மாதிரி ஒரு மரப்பெட்டி, சீட்டை மடக்கினால் அதன் மேல் விரிகிற பலகை, ஒரு மெத்தை. திங்கட்கிழமை பெட்டியை இறக்கிவிட்டால் வண்டி பழையபடி ஆம்னி. தச்சர் அளவெடுத்துப் போயிருக்கிறார். கொசுவலைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை, ஸ்லைடிங் கதவில் எப்படி மாட்டுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அந்த ட்ரெய்லர் விளம்பரம் இன்னும் இருக்கிறது. நேற்றும் பார்த்தேன். விலையில் 20,000 குறைத்திருக்கிறார்கள். கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'ஆர்.சி. தேவையில்லை.'